அறையினுள் செம்பருத்தி

வட இந்தியச் சமவெளிகளில் குளிர்கால இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் இறங்கும்போது, வெப்பநாட்டுச் செடியாகிய செம்பருத்தியின் வளர்ச்சி தடைப்படுகின்றது. ஆகவே, தொட்டிச் செடிகளை அறையினுள் எடுத்து வைக்கின்றனர். அங்கே இலைகள் மஞ்சளாகி, மொட்டுகள் விரியுமுன் உதிர்வதுண்டு. பெரும்பாலும் ஒளிக்குறைவே இதற்குக் காரணமாகும். நீர்க்குறைவு எனக் கருதி மேலும் நீர் ஊற்றினால் தீங்கே விளையும். ஒளி குறைந்த இடத்தில் செடி உறிஞ்சும் நீரும் குறைவு. தேங்கிய ஈரத்தில் காற்றின்றி வேர்கள் அழுகிவிடும்.

தொட்டியைத் தெற்கு நோக்கிய சன்னலருகே வைத்தல் வேண்டும். மாணவர் விரலை ஓர் அங்குல ஆழம் மண்ணில் செலுத்திப் பார்த்து, அது உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் விடலாம். புதுத் தளிர்களிலேயே மலர்கள் தோன்றுவதால், குளிர் நீங்கியதும் கிளைகளைச் சற்றுக் கத்தரித்து, செடியைப் படிப்படியாக வெயிலுக்குப் பழக்குதல் நலம்.