ஒரு கதிரைக்காக

கல்முனை பஸாரில் புடவைக் கடைக்குள் நுழைந்தால் உம்மாவுக்கு முதலில் கதிரை போடுவார்கள். துணிகளை விரித்துக் காட்டும் பெண்ணோ நின்றபடியே இருப்பாள். என் உறவுக்கார ராத்தா ஒருவர் ஒரு கடையில் இரண்டு வருடம் வேலை செய்தார். ஆள் வராத நேரத்தில் இருந்தாலும் முதலாளிக்குப் பிடிக்காதாம். வீட்டுக்கு வந்ததும் கால்களைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாம்.

கேரளத்தின் கோழிக்கோடும் நம் ஊரைப் போலக் கடலோர வியாபார நகரம்தான். அங்கே மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த பி. விஜி, 2009இல் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது கதிரை அல்ல, மலசலகூடம். பல கடைகளில் பெண் ஊழியர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. அதனால் தண்ணீர் குடிக்காமலே பகலைக் கழித்தார்கள். அதனால் என்ன நோய் வரும் என்பதை நம் உயிரியல் பிரிவு மாணவிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்ததுதான் இருக்கும் உரிமை. 2014 டிசம்பரில் திருச்சூரில் ஒரு பெரிய சேலைக் கடையின் பெண் ஊழியர்கள் ஆறு பேர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அது நூறு நாட்களைத் தாண்டியது. கடைசியில் 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் இருப்பதற்கு வசதி செய்வதை முதலாளியின் கடமையாக்கியது. ஆண் ஊழியர்களுக்கும் சேர்த்துத்தான்! 2021இல் தமிழ்நாடும் அப்படியொரு திருத்தத்தைக் கொண்டுவந்தது.

ஒரு கதிரைக்கு ஏன் இத்தனை வருடம் என்று யோசித்தேன். தனியாகக் கேட்கும் பெண்ணிடம், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்வது இலேசு. அவளுடைய இடத்துக்கு ஆள் காத்திருக்கிறது. எல்லாரும் சேர்ந்து கேட்டால் எல்லாரையும் நிறுத்திவிட்டுக் கடையைத் திறக்க முடியுமா? அமைப்பு என்று ஒன்று தேவைப்படுவது இதற்காகத்தான். பெரிய தொழிற்சங்கங்கள் இந்தப் பெண்களைக் கவனிக்காததால் அவர்கள் தங்களுக்கென்றே ஒரு சங்கத்தையும் உருவாக்கினார்கள்.

நம் நாட்டிலும் இப்படி உண்டு. கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களுக்காக 1984இல் ஒரு பத்திரிகையாகத் தொடங்கியது 'தாபிந்து'. சிங்களத்தில் வியர்வைத்துளி என்று அர்த்தம். எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது.

கடைகளில் வேலை செய்வோருக்கு இங்கே 1954ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுக்க வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 வேலை நாட்கள் பிரசவ விடுமுறை உண்டு. கிடைக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். ராத்தாவிடம் இதைச் சொன்னபோது, "ஒன்றரை மடங்கா?" என்று இரண்டு தரம் கேட்டார். நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் நம் பஸாரில் கடைகள் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகின்றன என்பது வாப்பாமாருக்குத் தெரியும்.