கப்பலேறும் ஆசிரியர்கள்

அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான 'நோவா', பள்ளி ஆசிரியர்களைத் தன் ஆய்வுக் கப்பல்களில் ஏற்றிச் செல்லும் திட்டத்தை 1990-இல் தொடங்கியது. வேடிக்கை பார்க்க அல்ல, விஞ்ஞானிகளோடு சேர்ந்து உழைக்க! மீன்வள ஆய்வு என்றால் பெரும்பாலும் 12 மணி நேர ஷிப்ட். வலை மேலேறியதும் ரப்பர் பூட்ஸும் கையுறையுமாக மீன்களை இனம் பிரித்து, எடை போட்டு, நீளம் அளக்க வேண்டும். வயதை அறியவும் வழி உண்டு: மீனின் தலைக்குள் சின்னஞ்சிறு செவிக்கற்கள் இருக்கின்றன. மரத்தண்டைப் போல அவற்றிலும் ஆண்டு வளையங்கள் உண்டு. எண்ணிப் பார்த்தால் மீனின் வயது தெரியும். எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று வரம்பு வகுக்க இந்த வயதுக் கணக்கு மிக அவசியம். கடலில் தானே செய்து பார்த்ததை ஆசிரியர் சொல்லக் கேட்கும் மாணவர்கள் கொடுத்துவைத்தவர்கள்தான். கரை திரும்பியதும் அந்த அனுபவத்தைப் பாடமாக எழுதித் தருவதும் திட்டத்தின் நிபந்தனை.