குடிக்கும் தடுப்பு மருந்து

காலரா பொல்லாத நோய். வாந்தியும் பேதியும் நிற்காமல் போகும். உடலில் உள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடும். உடனே கவனிக்காவிட்டால் சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

இந்த நோய் எப்படி வருகிறது?

அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகக் காலராக் கிருமி வயிற்றுக்குள் போகிறது. சிறுகுடலின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே ஒரு நஞ்சைக் கக்குகிறது. பேதிக்குக் காரணம் அந்த நஞ்சுதான். இதை 1959-இல் கண்டு சொன்னவர் கொல்கத்தா மருத்துவ அறிஞர் சம்புநாத் டே.

முன்பு காலராவுக்கு ஊசி போட்டார்கள். அதன் பலன் சில மாதங்களே நீடித்தது. கிருமி தங்குவது குடலில். காவலும் அங்கேதானே வேண்டும்? அதனால் குடிக்கும் தடுப்பு மருந்தைச் செய்தார்கள். அதில் இருப்பவை கொல்லப்பட்ட கிருமிகள். அவை நோயைத் தருவதில்லை. ‘இதுதான் எதிரி’ என்று உடலுக்கு அடையாளம் காட்டுகின்றன.

2006-இல் கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் இந்த மருந்தைச் சோதித்தார்கள். சுமார் 67,000 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்குக் காலரா மருந்து இல்லாத போலி மருந்து. 5 ஆண்டுகள் கவனித்தார்கள். 100 பேருக்கு வரவேண்டிய காலரா, மருந்து குடித்தவர்களில் 35 பேருக்கே வந்தது.

இன்னொரு வகை மருந்தும் உண்டு. அதில் நஞ்சின் கெடுதல் இல்லாத ஒரு பகுதியையும் சேர்க்கிறார்கள். ஆனால் இரைப்பையில் சுரக்கும் அமிலம் அதை அழித்துவிடும். ஆகவே சோடா உப்பு கரைத்த நீரில் கலந்து குடிக்க வேண்டும். வெள்ளம் வந்த ஊரில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

இதற்கு விஞ்ஞானிகள் ஒரு வழி தேடுகிறார்கள். மருந்தைத் தூசு போன்ற நுண்ணிய துகள்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை போடுகிறார்கள். கொய்யா விதையை விழுங்கினால் அது வயிற்றில் கரைவதில்லை. அதன் கெட்டித் தோலே காரணம். இந்த உறையும் இரைப்பையில் கரையாது. ஆனால் குடலுக்குப் போனதும் கரையும். மருந்து சேர வேண்டிய இடத்தில் சேரும். இந்த ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது.

எந்தத் தடுப்பு மருந்தும் நூற்றுக்கு நூறு காக்காது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பேதி கண்டால் உடனே கரைசல் கொடுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர். சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இரண்டையும் தலைதட்டி அளந்து போடுங்கள். கொடுத்துக்கொண்டே நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். தாமதம் வேண்டாம்.