வரைபடத்துள் வரைபடம்

விளையாட்டு என்றதும் பந்தும் மட்டையும் நினைவுக்கு வருதல் பழைய மாணவராகிய நமக்கு இயல்பு. இன்று கல்லூரியிற் பயில்வோர் பலருக்கோ கணினித் திரையில் ஆடப்படுவதும் விளையாட்டே. அதனை ஆடுவதோடு அமையாது, தாமே ஆக்கிப் பார்க்கவும் விழைகின்ற மாணாக்கர் மலைநாட்டிலும் உளர். அத்துறையில் முதலிற் கற்கவேண்டிய உத்தி ஒன்றை, நம் மலைகளில் நாள்தோறும் நிகழும் கொழுந்து நிறுவையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

விளையாட்டுப் பொறி என்பது இரும்பாலாய இயந்திரம் அன்று; விளையாட்டுக்களை ஆக்குதற்கென அமைந்த பெரியதொரு கணினி நிரல். யூனிட்டி, அன்ரியல், கோடோ என்பன அவற்றுட் சில. உருவங்களைத் திரையில் வரைதல், ஓசை எழுப்புதல், பொருள் கீழே விழுதல், ஒன்றோடொன்று மோதுதல் ஆகியவற்றைப் பொறி தானே பார்த்துக்கொள்ளும். விளையாட்டின் விதிகளை வகுத்தல் மட்டும் ஆக்குவோன் கடன். அவ்விதிகளைச் சீ ஷார்ப் முதலிய நிரல்மொழியில் எழுதுவது வழக்கம். எழுதாமல் வரைந்தும் காட்டலாம் என்பதே காட்சி நிரலாக்கம். யூனிட்டியில் இதற்குரிய கருவி முதலில் போல்ட் என்னும் பெயரில் வேறாக விற்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் யூனிட்டி நிறுவனத்தார் அதனை வாங்கி விலையின்றி வழங்கினர். 2021ஆம் ஆண்டு வெளியீட்டிலிருந்து அது பொறியோடு சேர்ந்தே வருகின்றது.

இக்கருவியில் ஒவ்வொரு செயலும் ஒரு பெட்டி. அதனைக் கணு என்போம். கணுவின் இருமருங்கும் வாயில்கள் உள. ஒருவகை வாயில் ஏவலுக்கு உரியது: ‘இப்பொழுது இதைச் செய்’ என்னும் ஆணை அதன்வழி வரும், போகும். மற்றொரு வகை தரவுக்கு உரியது: எண், சொல், உண்மை பொய் என்பவை அதன்வழிச் செல்லும். கணுக்களைக் கோடுகளால் இணைத்தால் அமைவது வரைபடம்.

இனி, ஒரு மாணவர் தேயிலைத் தோட்டமொன்றைத் திரையில் அமைக்கின்றார் எனக் கொள்வோம். அவர் தோட்டத்தில் பன்னிரண்டு மடுவங்கள் உள. கொழுந்துக் கூடை வந்ததும் நிறுத்து, கழிவு நீக்கி, அன்றைய பேருக்குரிய கூலியைக் கணக்கிடும் வரைபடம் ஒன்றை முதல் மடுவத்திற்கு வரைந்தார். அது நன்றாக ஓடவே, அதனைப் படியெடுத்து ஏனைய பதினொரு மடுவங்களிலும் ஒட்டினார். நாட்சம்பளம் 1000 ரூபா என்று படத்துள்ளே எழுதியிருந்தார். 2021ஆம் ஆண்டில் அதுவே தோட்டத் தொழிலாளரின் சம்பளம். 2024ஆம் ஆண்டில் அது 1350 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, பன்னிரண்டு படங்களையும் திறந்து திருத்தவேண்டியதாயிற்று. பதினொன்றைத் திருத்திப் பன்னிரண்டாவதை மறந்தால் என்னாகும்? கணினி யாதொரு பிழையும் காட்டாது. அந்த மடுவத்துப் பெண்கள் மட்டும் நாளொன்றுக்கு 350 ரூபா குறையப் பெற்றுக்கொண்டிருப்பர். படியெடுத்தலின் தீமை இத்தகையது. அது வாய்திறவாத பிழை.

பரிகாரம் யாதெனில், அவ்வரைபடத்தைத் தனிக் கோப்பாகச் சேமித்து, பன்னிரண்டு மடுவங்களும் அவ்வொரு கோப்பையே சுட்டும்படி செய்தல். ஒன்றைத் திருத்தினால் எல்லாம் திருந்தும். ஆயின் இஃது ஒன்றே போதுமா? நாட்சம்பளத்துக்குப் பறிப்போர் ஒருபுறம். ஞாயிறு, விடுமுறை நாள்களிற் கைகாசுக்குப் பறிப்போர் மறுபுறம். முன்னவர்க்குப் பேரும் அரைப்பேரும் உண்டு. பின்னவர்க்குக் கிலோவுக்கு இத்துணை என்பதே கணக்கு. கூலி வேறு, ஆனால் நிறுவை இருவர்க்கும் ஒன்றே. ஆகவே நிறுவையை மட்டும் ஒரு சிறு வரைபடமாகப் பிரித்தெடுத்து, ‘பேர்’ என்னும் படத்துள்ளும் ‘கைகாசு’ என்னும் படத்துள்ளும் ஒற்றைக் கணுவாக வைக்கலாம். இங்ஙனம் பெரிய படத்துள் அடங்கும் சிறிய படத்தையே உள்வரைபடம் என்கின்றோம்.

உள்வரைபடத்துக்கு வாயில்களை வகுப்பவர் நாமே. நிறுவைக்கு ‘நிறு’ என்னும் ஏவல் உள்ளே வரவேண்டும். கூடையின் நிறை, கழிவு என்னும் இரண்டு தரவுகள் வரவேண்டும். ‘முடிந்தது’ என்னும் ஏவலும் நிகர நிறையும் வெளியே செல்லவேண்டும். உள்ளே எத்தனை கணுக்கள் இருப்பினும் வெளியே தெரிவன இவ்வாயில்களே. ஒவ்வொரு வாயிலுக்கும் திறவுப்பெயர், காட்சிப்பெயர் என இரண்டு உண்டு. கோடுகள் பற்றி நிற்பது திறவுப்பெயரை. அதனைப் பின்னர் மாற்றினால், அப்படத்தைப் பயன்படுத்திய இடங்களிலெல்லாம் இணைப்பு அறுந்துபோகும். பெயர் அழகாக இல்லையென்று தோன்றினால் காட்சிப்பெயரை மாற்றுதலே தக்கது.

கழிவை ஏன் தனி வாயிலாக வைத்தோம் என்று வினவலாம். கூடைக்கும் சாக்குக்கும் ஈரத்துக்கும் எனக் கிலோக் கணக்கில் வெட்டுவதும், அதுபற்றிய முறைப்பாடும் மலைநாட்டிற் பழையவை. அதனைப் படத்தின் அடியில் ஓர் எண்ணாகப் புதைத்துவிடாது வெளியே நிறுத்தினால், அதன் விளைவு கண்ணுக்குத் தெரியும். எடுத்துக்காட்டாக, ஒருத்தி காலையில் 8, பகலில் 9, மாலையில் 7 எனக் கூடை 24 கிலோ கொணர்ந்தாள் என்க. அன்றைய அளவு 18 கிலோ. மேலதிகக் கிலோ ஒன்றுக்கு 40 ரூபா. பேர் 1350 ரூபா என வைத்துக்கொள்வோம். நிறுவைதோறும் ஒரு கிலோ கழித்தால் நிகரம் 21. கூலி 1470 ரூபா. இரண்டு கிலோ கழித்தால் நிகரம் 18. கூலி 1350 ரூபா. ஒரே வாயிலில் 1 என்பதை 2 ஆக்கியதும் 120 ரூபா மறைந்துவிட்டது. இன்னும் அரைக் கிலோ மிகுத்து வெட்டினால் அளவே குறைந்து அரைப்பேராகிவிடும். இதனை மாணவர் கட்டுரையாக எழுதுவதினும் விளையாட்டாக ஆக்கிக் காட்டினால் ஆடுவோர்க்கு விரைவில் விளங்கும் என்பது எம் கருத்து.

நாட்சம்பளத்தையும் வாயிலாக வைக்கலாம். ஆயின் பயன்படுத்தும் ஒவ்வோரிடத்திலும் வாயிலின் அருகே 1350 என்று கையால் எழுதிவிட்டால், பழைய தொல்லை மீண்டும் வந்துசேரும். தொகையை விளையாட்டு முழுவதற்கும் பொதுவானதொரு மாறியில் ஒருமுறை எழுதி, வேண்டுமிடத்தில் அங்கிருந்து எடுத்தலே முறை.

தொடக்கத்திற் பலர் இடறும் இடம் நினைவுபற்றியது. உள்வரைபடம் கோப்பளவில் ஒன்றாயினும், ஓடும்போது அதனை வைத்த ஒவ்வோரிடத்துக்கும் அதன் உள்மாறிகள் தனித்தனியே அமைகின்றன. காலை, பகல், மாலை என நிறுவைப் படத்தை மூன்றிடத்தில் வைத்து, நாளின் மொத்தத்தை அதன் உள்மாறியிலேயே கூட்டச் சொன்னால், காலைப் படம் காலை நிறையை மட்டுமே அறியும். மாலைப் படம் மாலை நிறையை மட்டுமே அறியும். மொத்தம் ஒருபோதும் சேராது. நாளின் மொத்தம் கொழுந்தெடுத்தவருக்கு உரியதாகையால், அவருடைய உருவத்தின் மாறியிலேயே அதனைச் சேர்த்தல் வேண்டும். இன்னொன்று: தனிக் கோப்பாகிய வரைபடம் காட்சியிலுள்ள குறிப்பிட்ட ஒரு மடுவத்தையோ தராசையோ நேரே சுட்டமாட்டாது, கோப்பு காட்சிக்குப் புறம்பானது. அதனையும் மாறிவழியே அளிக்கவேண்டும்.

அன்ரியல் பொறியில் 2014ஆம் ஆண்டு முதல் வழங்கும் புளூபிரிண்ட் என்னும் கருவியில் இவ்வுத்தி மூவகையாகப் பிரிந்து கிடக்கின்றது. கணுக்களைச் சுருக்கி ஒரு பெட்டியாக்கல் பார்வைக்கு ஒழுங்கு தருவதே. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று திருந்தும் பயன் அதற்கில்லை. அப்பயன் சார்பு, மாக்ரோ என்னும் ஏனைய இரண்டுக்கே உண்டு. இவற்றுள் சார்பினுள் ‘சற்றுப் பொறு’ என்னும் காத்திருப்புக் கணுவை வைக்க இயலாது, மாக்ரோவில் வைக்கலாம். கோடோவிலிருந்த காட்சி நிரலாக்கமோ 2023இல் வந்த நான்காம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. ஆகையால் பழைய பாடங்களைப் பார்த்து அதைத் தேடுவோர் ஏமாறுவர்.

மூன்றடுக்குக்கு மேல் உள்ளே உள்ளே என்று செல்வதை யாம் விரும்புவதில்லை. விளையாட்டு ஓடும்போது ஏவல் செல்லும் கோடுகளில் ஒளிப்புள்ளிகள் நகர்வதைக் காணலாம். பிழை காண்பதற்கு இதுவே நல்ல வழி. ஐந்தாம் அடுக்கில் நிகழும் பிழைக்கு ஐந்து கதவு திறந்து போகவேண்டும்.

யூனிட்டியில் நிலைகளையும் இவ்வாறே அடுக்கலாம். தேயிலைத் தொழிற்சாலையை எண்ணுக: வாட்டுதல், அரைத்தல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், சலித்தல். (புளிக்கவைத்தல் என வழங்கினும், அங்கு நிகழ்வது கொழுந்துச்சாறு காற்றோடு கூடும் ஒட்சியேற்றமே.) இவ்வைந்தும் ஐந்து நிலைகள். அரைத்தல் என்னும் நிலைக்குள் உருளை நிரப்பல், அழுத்தல், கட்டியுடைத்தல் எனச் சிறுநிலைகள் அடங்கினால் அது பெருநிலை. மின்சாரம் நின்றால், உள்ளே எச்சிறுநிலை நிகழினும், பெருநிலையிலிருந்து ‘நிறுத்தம்’ என்பதற்கு ஒரே ஒரு கோடு வரைந்தாற் போதும். சிறுநிலை ஒவ்வொன்றிலிருந்தும் கோடு இழுக்க வேண்டியதில்லை. மின்சாரம் மீண்டு பெருநிலைக்குத் திரும்பும்போதோ, உள்ளேயுள்ள படம் விட்ட இடத்திலிருந்து தொடராது. உருளை நிரப்பலிலிருந்தே மீண்டும் தொடங்கும். அதுவரை அரைத்த நேரம் வீணாகாதிருக்க வேண்டுமாயின், நிறுத்தத்துக்குச் செல்லுமுன் அந்நேரத்தை இயந்திரத்தின் மாறியில் எழுதிவைத்தல் வேண்டும்.