மங்கும் கண்ணாடியும் மழைக்கால வீதியும்

கார்த்திகை தொடங்கித் தை வரையான மழைக்காலத்தில், மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாகனம் செலுத்துவோர் அனைவரும் எதிர்கொள்ளும் தொல்லை ஒன்றுண்டு. முன்கண்ணாடியில் படரும் வெண்புகை போன்ற படலமே அது. கையால் ஓர் உள்ளங்கை அளவுக்குத் துடைத்துவிட்டு, அந்தத் துவாரத்தினூடாகவே வீதியைப் பார்த்துச் செல்வோரை நாம் அன்றாடம் காண்கின்றோம். மார்கழி விடியலில் திருவெம்பாவைப் பூசைக்குச் செல்வோரும் சுபஹுத் தொழுகைக்குச் செல்வோரும் அதே இருளில், அதே வீதியோரத்தில் நடக்கின்றனர் என்பதை மறந்துவிடலாகாது.

இப்படலம் ஏன் உண்டாகின்றது? 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கவல்லது. 20 பாகையில் அது 17 கிராமளவையே தாங்கும். குளிர்ந்த கண்ணாடியைத் தொடும் ஈரக்காற்று, தாங்க இயலாத மிகுதியை நுண்துளிகளாக அதன்மீது விட்டுவிடுகின்றது.

ஆகவே முதலில் அறியவேண்டியது, படலம் எப்புறத்தில் உள்ளது என்பதே. விரலால் தொட்டாலே தெரிந்துவிடும். இரண்டுக்குமான பரிகாரம் நேர்மாறானது.

மழை பெய்கையில் கண்ணாடி வெளியிலிருந்து குளிர்கின்றது. பயணிகளின் மூச்சும், நனைந்த உடையும் குடையும் உள்ளே ஈரத்தைச் சேர்க்கின்றன. அப்போது படலம் உட்புறத்தில் படியும். மழையில் ஏ.சி. எதற்கு என்று அதனை நிறுத்துவதே பலரும் செய்யும் தவறாகும். ஏ.சி. குளிரூட்டுவதுடன் காற்றிலுள்ள ஈரத்தையும் பிரித்தெடுக்கின்றது. வாகனத்தின் அடியில் சொட்டும் நீர் அதுவே. எனவே ஏ.சி.யை இயக்கி, வெப்பத்தைச் சற்றுக் கூட்டி, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புதல் வேண்டும். உட்காற்றையே சுழற்றும் பொத்தானை நிறுத்தி வெளிக்காற்றை உள்ளெடுக்க வேண்டும். ஏ.சி. இல்லாத வாகனமாயின், இருபக்கக் கண்ணாடிகளையும் ஓரங்குலம் இறக்குவது உதவும்.

மழை ஓய்ந்த புழுக்கமான இரவில் நிலைமை மாறுகின்றது. ஏ.சி.யால் குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் வெளிப்புறத்தில் படியும். உள்ளே எவ்வளவு துடைத்தும் பயனில்லை. வைப்பரை இயக்கி, குளிரைக் குறைத்து, கண்ணாடியில் படும் குளிர்காற்றை வேறுபக்கம் திருப்பினால் போதுமானது.

டீசல் வாகனம் வைத்திருப்போர் இன்னொன்றையும் கருத்திற்கொள்ள வேண்டும். டீசல் இயந்திரம் பெற்றோல் இயந்திரத்தை விடக் குறைந்த வெப்பத்தையே வீணாக்குவதால் மெதுவாகவே சூடேறும். நிறுத்திவைத்து ஓடவிட்டால் இன்னும் தாமதமாகும். புறப்பட்ட முதற் சில நிமிடங்களில் சூடான காற்றை எதிர்பார்க்க இயலாது. அவ்வேளையில் கைகொடுப்பது ஏ.சி.யின் உலர்ந்த காற்றே. மூடிய கராஜுக்குள் இயந்திரத்தை ஓடவிடுவது உயிராபத்தானது.

செங்கலடி–பதுளை வீதியால் மலையேறி, தை மாதத்தில் நுவரெலியாவில் தங்குவோர் சிலவேளை துகள் உறைபனியையும் காண நேரிடும். உறைந்த கண்ணாடியில் கொதிநீர் ஊற்றினால் அது வெடித்துவிடலாம். முதல் நாளிரவே துணியால் மூடிவைப்பது சிறந்தது.

கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப்பசையும் தூசியும் இருப்பின் படலம் விரைவில் பற்றிக்கொள்ளும். வாரமொருமுறை சுத்தமான துணியால் துடைப்பதற்குப் பெருஞ்செலவில்லை. குறிப்பாகப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான் உரிமையாளர்கள், கண்ணாடி முழுமையாகத் தெளிந்த பின்னரே புறப்படுவது என்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அதற்காகத் தாமதிக்கும் இரண்டு நிமிடங்கள் ஒருபோதும் வீணானவையல்ல.