போஜொலே நாட்டுச் சிவப்பு வைன்

பிரான்சு தேசத்திலே லியோன் நகருக்கு வடக்கே, பர்கண்டியின் தென்னெல்லையை ஒட்டி அமைந்துள்ள குன்றுப் பிரதேசம் போஜொலே எனப்படும். அங்கு பெறப்படும் சிவப்பு வைன், ஏறக்குறைய முழுவதும் ‘கமே’ என்னும் ஒரே இன முந்திரிகையினின்று உண்டாவது.

இக்கமே ஒரு காலத்திற் பழிக்கப்பட்ட கொடியாகும். விளைவு மிகுதியாயினும் தரம் தாழ்ந்தது எனக் கருதிய பர்கண்டிக் கோமகன் பிலிப், 1395ஆம் ஆண்டில் அதனைத் தம் நிலங்களிலிருந்து வேரோடு களையுமாறு ஆணையிட்டார். அங்கே சிறப்பின்றிக் கிடந்த அக்கொடியே, போஜொலேயின் வடபகுதிக் கருங்கற் பாறை மண்ணிற் புகழ்பெற்றது. மண்ணறிந்து பயிரிடல் வேண்டும் என்பதற்கு இஃது ஏற்றதோர் எடுத்துக்காட்டு.

இவ்வைன் ஆக்கப்படும் முறையும் தனித்தன்மை வாய்ந்தது. கையாற் கொய்த குலைகள் நசுக்கப்படாமலே தொட்டியில் இடப்படுகின்றன. அடியிலுள்ள பழங்கள் மேற்பாரத்தால் நசுங்கிப் புளிக்க, அதனால் எழும் கரியமிலவாயு தொட்டியை நிரப்புகின்றது. அவ்வாயுவின் நடுவே முழுப் பழங்களுள்ளேயும் நொதித்தல் தொடங்குகின்றது. ஆகவே துவர்ப்புக் குறைந்து, பழமணம் மிகுகின்றது.

விரைவில் அருந்துதற்குரிய புதுவைனே உலகெங்கும் போஜொலேயின் பெயரைப் பரப்பியது. 1985ஆம் ஆண்டு முதல் நவம்பர் மாதத்து மூன்றாம் வியாழக்கிழமை அதன் விற்பனைத் தொடக்க நாளாகும். ஆயின் அப்பெரும் புகழே கேடாகவும் முடிந்தது. போஜொலே என்றால் எளிய வைன் என்னும் எண்ணம் வேரூன்றியது. 2001ஆம் ஆண்டு விளைச்சலிலே விலைபோகாது எஞ்சிய வைன் பெருமளவில் வடித்தெடுக்கப்பட்டுச் சாராயமாக்கப்பட்டது. புதுவைனின் ஆரவாரத்தில் மறைந்துபோனவை, வடபகுதியின் பத்துச் சிறப்பூர்களின் வைன்களே. அவற்றுள் புளூரி மென்மையும் மலர்மணமும் உடையது. மோர்கோன், மூலன்-ஆ-வான் என்பன உறுதி மிக்கவை. நல்ல ஆண்டில் விளைந்தவை பத்தாண்டு கடந்தும் சுவை குன்றா.

உணவுடன் இயைவதே இதன் பெருஞ்சிறப்பு. துவர்ப்புக் குறைவாதலின் உப்பிட்ட பன்றியிறைச்சிக்கும், லியோன் நகரத்துச் சொசேஜுக்கும், வறுத்த கோழிக்கும் இது பொருந்தும். புளிப்புச் சுவை கொழுப்பின் திகட்டலை நீக்கும். மூலன்-ஆ-வான் போன்றவை வைனிற் சமைத்த கோழிக்கும் மாட்டிறைச்சிக்கும் ஈடுகொடுக்கும். சிவப்பு வைனாயினும், சற்றுக் குளிரவைத்துப் பரிமாறுதலே முறை.

கோமகனின் ஆணை பழங்கதையாயிற்று. அவர் வெறுத்த கொடியோ இன்றும் அக்குன்றுகளிற் காய்த்துக் குலுங்குகின்றது.