இரண்டு ஏரியல், ஒரே தொலைக்காட்சி: சேர்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜோகூர் பாரு, லார்கினில் தனியாக வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 74. காலையில் மின்னல் பண்பலை, மாலையில் ஆர்டிஎம் தமிழ்ச் செய்தி, இரவில் சிங்கப்பூர் வசந்தத்தில் நாடகம் என்று அவருடைய நாள் நகரும். பிள்ளைகள் நாங்கள் வேலை காரணமாக வெளியூரில் இருக்கிறோம். அந்த வீட்டில் பகலெல்லாம் கேட்கும் தமிழ்க் குரல் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து வருவதுதான்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வசந்தம் விட்டு விட்டு வந்தது. ஏரியல் பொருத்துபவர் ஒருவரை அழைத்தோம். அவர் கூரையில் இரண்டாவது ஏரியலை ஏற்றினார். இரண்டு வயரையும் சிறிய ஸ்பிளிட்டர் ஒன்றில் சேர்த்து, ஒரே வயராகக் கீழே இறக்கிவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு வசந்தம் வந்தது, ஆனால் டிவி2 கட்டம் கட்டமாக உடைந்தது. மழை பெய்தால் இரண்டுமே போயின.

"ரெண்டு ஏரியல் போட்டா ரெண்டும் தெளிவா வரும்னு சொன்னாங்களேப்பா?" என்று அம்மா கேட்டார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். உண்மை வேறு.

இரண்டு நாடு, இரண்டு திசை

சிங்கப்பூர் 2019 ஜனவரித் தொடக்கத்தில் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியது. மலேசியாவில் அதே ஆண்டு அக்டோபர் 31-உடன் அது முழுமையாக முடிந்தது. இப்போது இரு நாடுகளுமே டிவிபி-டி2 என்ற ஒரே வகை டிஜிட்டல் முறையில்தான் ஒளிபரப்புகின்றன. அதனால் மைஃப்ரீவியூ பார்க்கும் அதே பெட்டியில் வசந்தத்தையும் பார்க்க முடிகிறது.

சிக்கல் திசையில் இருக்கிறது. சிங்கப்பூரின் ஒளிபரப்புக் கோபுரம் புக்கிட் பாத்தோக்கில் உள்ளது. லார்கினில் நின்று பார்த்தால் அது ஏறக்குறைய நேர் தெற்கு. மலேசிய அலைவரிசைகளுக்கான கோபுரம் குனோங் பூலாயில், அதாவது வடமேற்கில் இருக்கிறது. மீன்முள் போன்ற நம் கூரை ஏரியல், தான் நோக்கும் திசையில் வருவதை நன்றாகப் பிடிக்கும். பக்கத்திலும் பின்னாலும் இருந்து வருவதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும். அதனால்தான் இரண்டு ஏரியல் என்ற யோசனையே வருகிறது.

கூட்டினால் ஏன் குறைகிறது?

முதல் காரணம், ஸ்பிளிட்டரின் இயல்பு. ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் அந்தச் சிறு கருவியைத் தலைகீழாக மாட்டினால் இரண்டை ஒன்றாக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஏரியலும் கொண்டுவரும் சமிக்ஞையில் ஏறக்குறைய பாதி அதிலேயே வீணாகிவிடும். தெற்கு ஏரியல் வசந்தத்தைக் கொண்டுவருகிறது, வடமேற்கு ஏரியல் டிவி2-வைக் கொண்டுவருகிறது. இரண்டும் வெவ்வேறு சமிக்ஞை என்பதால் ஒன்றின் இழப்பை மற்றொன்று ஈடுகட்டாது.

இரண்டாவது காரணம், வேண்டாத ஏரியலும் சும்மா இருப்பதில்லை. வசந்தத்தின் அலையை அதுவும் பக்கவாட்டில் கொஞ்சம் பிடிக்கிறது. ஒரே அலை இரண்டு வழியில் சற்று முன்பின்னாக வந்து சேரும்போது, சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த அதிர்வெண்ணில் உள்ள அலைவரிசைகள் பலவீனமாகும்.

அனலாக் காலத்தில் இப்படி நேர்ந்தால் படத்தில் 'பேய் நிழல்' விழும், புள்ளிகள் தெரியும், ஆனாலும் பார்க்க முடியும். டிஜிட்டலில் ஓர் எல்லை வரை படம் கண்ணாடிபோல் இருக்கும். அந்த எல்லைக்குக் கீழே போனால் முதலில் கட்டங்கள், பிறகு கறுப்புத் திரைதான்.

ஸ்பிளிட்டர்கூட இல்லாமல் இரண்டு வயரின் செம்புக் கம்பிகளை முறுக்கி டேப் சுற்றுவதும் உண்டு. அதைவிட மோசமான வழி கிடையாது.

முதலில் ஒன்றைக் கொண்டே பாருங்கள்

இரண்டாவது ஏரியல் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில் சமிக்ஞையின் வலிமையும் தரமும் காட்டும் பகுதி இருக்கும். ஒருவர் ஏரியலை மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் கீழே அந்தத் தரத்தைப் பார்த்துச் சொல்லட்டும். எல்லைக்கு அருகில் உள்ள வீடுகளில் சிங்கப்பூர் சமிக்ஞை வலுவாக இருப்பதால், ஏரியலை இரண்டுக்கும் நடுவில் திருப்பினாலே போதுமாகலாம்.

அண்டை வீட்டு ஏரியல்களையும் கவனியுங்கள். அவற்றின் குறுக்குக் கம்பிகள் படுக்கையாக இருக்கின்றனவா, நிமிர்ந்து இருக்கின்றனவா? ஒளிபரப்பு எப்படி வருகிறதோ அப்படியே கம்பிகளும் இருக்க வேண்டும். பழைய விஎச்எஃப் காலத்து நீளக் கம்பி ஏரியல் கூரையில் இருந்தால், அதை நம்பி இருக்க வேண்டாம். இப்போதைய ஒளிபரப்பு யுஎச்எஃப் அதிர்வெண்களில் வருகிறது.

இரண்டு தேவைதான் என்றால்

முதல் வழி, சேர்க்காமலே இருப்பது. குனோங் பூலாய் ஏரியலின் வயரை டீகோடருக்குக் கொடுங்கள். புக்கிட் பாத்தோக் ஏரியலின் வயரைத் தொலைக்காட்சியின் ஏரியல் துளையில் நேரடியாக மாட்டுங்கள். இதற்கு டிவிபி-டி2 உள்ளடங்கிய தொலைக்காட்சி வேண்டும். எதுவும் கலப்பதில்லை, எதுவும் இழப்பதில்லை.

இரண்டாவது வழி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச். இதன் விலை குறைவு. ஆனால் ஒரு பக்கம் வைத்து அலைவரிசைகளைத் தேடிய பின், மறுபக்கத்துக்கு மாற்றித் தானியங்கித் தேடலை மீண்டும் அழுத்தினால் பல பெட்டிகள் பழைய பட்டியலை அழித்துவிடும். இரண்டாம் முறை கைமுறைத் தேடலில் சேர்ப்பதே பாதுகாப்பு.

மூன்றாவது வழி, குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி கொண்ட இணைப்பான். ஒரு நுழைவு சிங்கப்பூர் அதிர்வெண்களை மட்டும், மற்றது மலேசிய அதிர்வெண்களை மட்டும் ஏற்கும்படி அமைக்க வேண்டும். இது மிகச் சரியான முறை, ஆனால் செலவு அதிகம். தெரிந்தவர்தான் செய்ய முடியும். கடையில் கிடைக்கும் விஎச்எஃப், யுஎச்எஃப் இணைப்பான் இதற்கு உதவாது, ஏனெனில் நம்முடைய இரண்டுமே யுஎச்எஃப்.

சாதாரண ஸ்பிளிட்டர்தான் கையில் இருக்கிறது, இரண்டு சமிக்ஞையும் நல்ல வலுவுடன் இருக்கின்றன என்றால் அதையும் முயன்று பார்க்கலாம். அப்போது ஒரே கம்பத்தில் இரண்டு ஏரியலுக்கும் இடையே ஒரு மீட்டராவது இடைவெளி விடுங்கள்.

பூஸ்டர் மருந்தல்ல

படம் உடைந்தால் உடனே பூஸ்டர் மாட்டச் சொல்வார்கள். ஏரியலுக்கு அருகில் வைத்தால், நீண்ட வயரில் ஏற்படும் இழப்பை அது சரிக்கட்டும். நல்ல ஆர்ஜி-6 வயரிலும் 20 மீட்டர் தாண்டினால் சமிக்ஞை பாதியாகக் குறைகிறது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சமிக்ஞையைப் பெரிதாக்கிப் பயனில்லை. ஜோகூர் பாரு போன்ற இடத்தில் அருகிலுள்ள கோபுரத்தின் வலுவான அலை பூஸ்டரைத் திணறடித்து, எல்லா அலைவரிசைகளையும் கெடுக்கவும் கூடும்.

எங்கள் வீட்டில் மழையில் படம் போனதற்குக் காரணம் மழையே அல்ல. வெளியில் திறந்து கிடந்த ஸ்பிளிட்டருக்குள் தண்ணீர் புகுந்து, உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. இணைப்புகளைக் கூரைக்கு அடியில் வையுங்கள். வெளியே இருந்தே ஆக வேண்டுமானால் நீர்புகா டேப்பை இறுக்கமாகச் சுற்றுங்கள்.

உயிர் முக்கியம்

இடியும் மின்னலும் அதிகமுள்ள நாடு நம்முடையது. மழை வரும்போல் இருந்தால் கூரைப் பக்கம் போகாதீர்கள். இடி இடிக்கத் தொடங்கும் முன்பே ஏரியல் வயரையும் மின்சாரப் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். கம்பத்துக்கு முறையாக எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். மின்கம்பிக்கு அருகில் இரும்புக் கம்பத்தைத் தூக்கவே கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஆள் பாரம் தாங்காது. வயதானவர்கள் ஏணியில் ஏறுவதை யாரும் வேடிக்கை பார்க்க வேண்டாம்.

நாங்கள் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தோம். ஸ்பிளிட்டரை எடுத்துவிட்டு இரண்டாவது வயர் ஒன்றை இறக்கினோம். ஆன செலவு, அந்த வயருக்கும் முனை இணைப்புகளுக்கும்தான். அம்மாவுக்கு இரண்டு ரிமோட் குழப்பமாக இருந்தது. அதனால் டீகோடர் ரிமோட்டில் சிவப்பு டேப் ஒட்டினேன். சிவப்பு என்றால் மலேசியா, மற்றது சிங்கப்பூர். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. தீபாவளியன்று நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போது வாசல் வரை வசந்தம் கேட்டது.

உங்கள் வீட்டிலும் படம் உடைந்தால், மூன்றாவது ஏரியலோ பூஸ்டரோ வாங்கும் முன் ஸ்பிளிட்டரைக் கழற்றி, ஒவ்வொரு ஏரியலையும் தனித்தனியாக மாட்டிப் பாருங்கள். பிழை எங்கே என்று அந்தப் பத்து நிமிடத்தில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.